வந்தவன் மேல் வைத்த பழி

கொல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குமாஸ்தா ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை உண்டு. 1907-ஆம் ஆண்டு இந்நகருக்கு வந்த சர் சி. வி. இராமன் அவர்களும் முதலில் நம்மைப் போல் அரசாங்கக் கணக்கு அலுவலகம் ஒன்றில்தான் அமர்ந்திருந்தார். அவர் வகித்த உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் பதவிக்கும் நமது எழுத்தர் நாற்காலிக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கலாம். ஆயினும் பகலில் அரசாங்கக் கோப்பு, காலையும் மாலையும் பௌபஜார் தெருவின் ஆய்வுக்கூடம் என்று அவர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த வாழ்வை நினைக்குந்தோறும், கோப்புகளிடையே உழலும் நமக்கும் நெஞ்சு சற்று நிமிரத்தான் செய்கிறது. 1917-இல் அவர் அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். அப்பீடத்திற்குப் பொருள் வழங்கிய தாரகநாத் பாலித் அவர்களின் மாளிகை நம் பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் உள்ளது. இன்று அங்கே பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி நடைபெறுகிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் ஊரிலிருந்து வந்த உறவினர்க்கு அதைச் சுட்டிக்காட்டி இக்கதையைச் சொல்லாமல் நாம் விட்டதில்லை.

கதையைச் சொன்னோமே தவிர, அம்மேதையிடம் கற்க வேண்டியதைக் கற்றோமில்லை என்பது 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நமக்குப் புலனாயிற்று. நமக்குச் சற்றும் பெருமை தராத நிகழ்ச்சி அது. எனினும் நம்மைப் போல் ஊர் விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு ஒரு வேளை பயன்படலாம் என்றெண்ணி, ஒளிவு மறைவின்றி எழுதத் துணிந்தோம்.

அவ்வாண்டு சனவரி 3-ஆம் நாள் முதல், தொற்றுநோய் மீண்டும் தலைதூக்கியதால், மேற்கு வங்காளத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மைய அரசு அலுவலகங்களிலும் பாதிப் பேர் வந்தால் போதும் என்று ஆணை வந்தது. எம் தமக்கையின் மகன் அப்போது இந்நகரில் புள்ளியியல் முதுகலை பயின்றுகொண்டிருந்தான். அவன் தங்கியிருந்த மெஸ் பூட்டப்பட்டது. மாமன் வீடு இருக்கையில் பிள்ளை எங்கே போவான்? ஒரு தோல்பையும் ஒரு மடிக்கணினியுமாக எம் வீட்டுப் படியேறினான். மடிக்கணினி சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய சரக்கு. அதற்காகத் திருவையாற்றில் தமக்கை ஒரு வளையலை அடகு வைத்த செய்தியை நாம் அறிவோம்.

எம்முடையது பாலிகஞ்ச் நிலையத்திற்கு அப்பால் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். இரண்டே அறைகள். ஓர் அறையில் பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் மகள் கணினி முன் அமர்ந்து பாடம் கேட்பாள். மற்றதில் நாமும் இல்லத்தரசியும். ஆகவே மருமகனுக்குக் கண்ணாடி அடைத்த தாழ்வாரத்தின் மூலையை ஒழித்துக் கொடுத்தோம். அவன் முகம் கோணவில்லை. "எனக்கு இது போதும் மாமா" என்று பாயை விரித்துக்கொண்டான்.

மாடியில் குடியிருப்பவர் வீட்டுக்காரர். எழுபதைக் கடந்த வங்காள மூதாட்டி. நாங்கள் யாவரும் அவரை மாசிமா என்றே அழைப்போம். அவருடைய ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். தினந்தோறும் காலை ஒன்பது மணிக்கு அவன் திரையில் தோன்றி அன்னையுடன் பேசுவான். அந்த அரை மணி நேரமே மாசிமாவின் நாள். மாடிக்கும் கீழ்த்தளத்திற்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. படிக்கட்டின் திருப்பத்தில் ரூட்டர் மாட்டியிருந்தது. கட்டணத்தில் பாதி அவருடையது, பாதி எம்முடையது.

மருமகன் வந்த மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு அந்த ரூட்டர் படுத்துவிட்டது. பச்சை விளக்குகள் அணைந்து, ஒரே ஒரு சிவப்பு விளக்கு கண்ணிமையாமல் எரிந்தது. மாடியில் கனடா மறைந்தது. கீழே மகளின் கணித ஆசிரியர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். சுவிட்சை அணைத்துப் போட்டோம், உயிர் வந்தது. பிற்பகல் மீண்டும் படுத்தது. அடுத்த நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் மகள்தான் கண்டுபிடித்தாள். மருமகன் மடிக்கணினியைத் திறந்து வைஃபையில் இணைந்த சிறிது நேரத்திற்கெல்லாம் ரூட்டர் விழுகிறது. அவன் மூடி வைத்திருந்தால் விழுவதில்லை.

இணைப்பு அளித்த நிறுவனத்தார் ஆள் அனுப்பினர். அவர் ரூட்டரைக் கழற்றிவிட்டு அதே வகையில் புதியதொன்றை மாட்டிச் சென்றார். புதியதும் ஒரு மணி நேரத்தில் விழுந்தது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஒன்றல்ல, இரண்டு ரூட்டர்களைக் கவிழ்த்த அந்த மடிக்கணினியே குற்றவாளி என்று முடிவு கட்டினோம். உள்ளே கிருமி நிரல் இருக்கும் என்று கடைத்தெரு மெக்கானிக் ஒருவர் சொன்னார். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அதிலுள்ள அனைத்தையும் துடைத்துப் புதிதாக நிரலேற்றித் தந்தார். அன்று மாலையே ரூட்டர் விழுந்தது.

பொருளின் மேல் விழுந்த ஐயம் பொருளுக்கு உரியவன் மேல் படர எத்துணை நேரம் ஆகும்? இவன் இரவு இரண்டு மணி வரை அதில் என்னதான் செய்கிறான் என்று நினைத்தோம். பார்க்கத் தகாதவற்றைப் பார்க்கிறானோ, திருட்டுத்தனமாகத் திரைப்படங்களை இறக்குகிறானோ என்று மனம் ஓடிற்று. மாசிமா வாய்விட்டு ஒன்றும் கடிந்ததில்லை. ஒரு நாள் படியிறங்கி வந்து, "உங்கள் பிள்ளை நல்லவன்தான். ஆனால் அவன் யந்திரம் வந்த பிறகு என் மகன் முகத்தை நான் முழுதாகப் பார்க்கவில்லை" என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. இருபது ஆண்டுகள் இவ்வீட்டில் ஒரு சொல்லுக்கும் இடம் கொடாமல் வாழ்ந்திருக்கிறோம். அயலூரில் வாழ்பவனுக்கு அண்டை வீட்டார் நன்மதிப்புத்தானே முதல்? அதற்கு ஊறு வந்ததே என்ற ஆற்றாமை ஒரு நாள் மாலை வெடித்தது. மகளின் தேர்வு நடுவில் இணைப்பு அறுந்தபோது தாழ்வாரத்துக்குச் சென்று, "இனி இந்த வீட்டில் அதைத் திறக்காதே" என்றோம்.

"சரி மாமா" என்றான். மூடியை மெல்லச் சாத்தினான்.

அன்றிரவு தமக்கை தொலைபேசியில் அழைத்தாள். "அவன் அங்கே ஒழுங்காக இருக்கிறானா தம்பி?" என்று கேட்டாள். இருக்கிறான் என்று சொல்ல நமக்கு இரண்டு நொடி தாமதமாயிற்று. அந்த இரண்டு நொடியை அவளும் கேட்டிருப்பாள்.

மறுநாள் முதல் அவன் காலையில் இட்டிலி உண்டதும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கஸ்பா பக்கம் ஒரு நண்பன் அறைக்குப் போய்விடுவான். இருட்டிய பின்னரே திரும்புவான். வீட்டில் ரூட்டர் ஒரு முறையும் விழவில்லை. மாசிமா மகன் முகத்தை முழுதாகக் கண்டார். எல்லாம் சரியாயிற்று என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் உண்ணும்போது, அவனாகச் சொல்லாததை நாமே கேட்டோம்: "அங்கே அவர்களுடைய ரூட்டர் விழவில்லையா?"

"இல்லை மாமா. ஒரு தடவைகூட விழவில்லை" என்றான். அவன் குரலில் குத்தல் இல்லை. அதனாலேயே அது தைத்தது.

நமக்கு விஞ்ஞானம் தெரியாது. வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றவர் நாம். ஆனால் கோப்பு எழுதத் தெரியும். கோடிட்ட தாள் ஒன்றை எடுத்து நாள், மணி, அப்போது இணைந்திருந்தவர், நேர்ந்தது என்று நான்கு பத்திகள் வகுத்து, நினைவிலிருந்தவற்றையும் மகள் தன் வகுப்புக் குறிப்பேட்டில் குறித்திருந்தவற்றையும் வரிசைப்படுத்தினோம். பதினான்கு வீழ்ச்சிகள். தாளை நோக்கிய மகள், "அப்பா, எல்லாமே பகலில்தான். அத்தான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கிறாரே, ராத்திரி ஒரு தடவைகூட விழவில்லையே" என்றாள்.

இரவில் பிறர் பயன்படுத்துவதில்லை, பாரம் குறைவு என்று விடை சொன்னோம். சொன்ன பின்பு, அதைச் சோதித்தால் என்ன என்று தோன்றிற்று. அன்றிரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள கைப்பேசிகள், மகளின் கணினி, மாசிமாவின் தொலைக்காட்சி அனைத்தையும் ஒருசேர இயக்கினோம். வாய் திறவாதிருந்த மருமகனையும் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. ரூட்டர் அசையவில்லை. பாரம் என்ற நம் விடை பொய்த்தது.

"கஸ்பாவில் எங்கே உட்கார்ந்து படிப்பாய்?" என்று கேட்டோம்.

"கட்டில் மேல்தான் மாமா. பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருக்கிறது."

"இங்கே?"

அவன் சற்றுத் தயங்கினான். "ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஃபிரிட்ஜ் பக்கத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டே படிப்பேன். பகலில் அந்த பிளக் மகளின் கணினிக்கு வேண்டியிருக்கிறதே என்று எடுக்கவில்லை. தாழ்வாரத்தில் பிளக் இல்லையே மாமா."

இருபது ஆண்டுகள் குடியிருந்த வீடு. தாழ்வாரத்தில் ஒரு விளக்கைத் தவிர மின்வசதி இல்லை என்பதை அன்றுவரை நாம் கவனித்ததில்லை. விருந்தாக வந்த பிள்ளைக்கு நாம் கொடுத்த மூலை அது.

பிறகு நடந்தது நேரிய வழியில் நடந்தது. சார்ஜர் செருகியிருக்கையில் ஒரு மணி நேரம் இயக்கினோம்: விழவில்லை. சார்ஜரைப் பிடுங்கினோம்: பன்னிரண்டு நிமிடத்தில் விழுந்தது. மும்முறை செய்தோம், மும்முறையும் அவ்வாறே. அடுத்து, பேட்டரியிலேயே இயக்கி, வைஃபைக்குப் பதில் கம்பி வழியே ரூட்டருடன் இணைத்தோம்: விழவில்லை. ஆகவே மடிக்கணினி முழுவதும் குற்றமில்லை. அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிய, விரலளவே உள்ள வெளிச்செருகு வைஃபைக் கருவியைப் பொருத்திப் பேட்டரியில் இயக்கினோம்: விழவில்லை. எஞ்சியது ஒன்றே. மடிக்கணினியின் உள்ளே இருக்கும் வைஃபை அட்டை, அதுவும் பேட்டரியில் இயங்கும்போது மட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, நேர்வதைப் பார். இராமன் அவர்கள் பௌபஜாரில் கடைப்பிடித்த முறைக்கு அடிப்படை இவ்வளவே. நாமோ தொடக்கத்தில் மடிக்கணினியையும், அதை வைத்திருந்தவனையும், அவன் இருந்த மூலையையும், பகல் இரவையும் ஒன்றாகக் குழப்பிவிட்டுத் தீர்ப்பு எழுதினோம்.

நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் இம்முறை நம் தாளைப் பொறுமையாகப் படித்தார். அவர் விளக்கியதை நமக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம். சார்ஜர் இல்லாதபோது மடிக்கணினி மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துகிறது. அப்போது வைஃபை அட்டை நொடிக்குப் பலமுறை கண்ணயர்கிறது. அயருமுன் ரூட்டருக்கு, "நான் உறங்குகிறேன், எனக்கு வருவதை வைத்திரு" என்று அறிவித்துவிடும். ரூட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை ஒலிபரப்பும் அறிவிப்பில், யார் யாருக்குத் தபால் காத்திருக்கிறது என்ற பட்டியலும் உண்டு. அட்டை விழித்துப் பட்டியலைப் பார்த்துத் தனக்குரியதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தபாலாபீசில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி வைக்கும் கடிதம் போன்றது இது. எம் மருமகனின் அட்டையை இயக்கும் நிரல் மிகப் பழையது. அது அளவுக்கு மீறி உறங்குவதும் விழிப்பதுமாக இருந்தது. எம் ரூட்டரின் நிரலோ காத்திருக்கும் கடிதங்களைக் கணக்குத் தீர்க்கத் தெரியாதது. கடிதங்கள் குவிந்து, அதன் சிறிய நினைவகம் நிரம்பி, அது மூர்ச்சையாயிற்று. இரண்டு ரூட்டர்களும் ஒரே வகையாதலால் இரண்டும் ஒன்றுபோல் விழுந்தன.

இது நம் வீட்டில் மட்டும் நடந்த விந்தை அன்று. 2018 சனவரியில் உலகெங்கும் பல வீடுகளில் ரூட்டர்கள் மூர்ச்சையடைந்தன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் கூகுளின் வீட்டுக் கருவிகளிலும் இருந்த 'காஸ்ட்' என்னும் வசதி, 20 நொடிக்கு ஒரு முறை அனுப்ப வேண்டிய சிறு செய்திகளை, கருவி உறங்கி விழித்ததும் விடுபட்டவை அனைத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் அனுப்பிவிட்டது. நெடுநேரம் உறங்கிய கருவியிலிருந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகள் ஒருசேரப் பாய்ந்தன என்று டிபி-லிங்க் நிறுவனப் பொறியாளர்கள் விளக்கினர். கூகுள் அம்மாதமே திருத்தம் வெளியிட்டது. அங்கும் உறக்கமும் விழிப்புமே வினை.

எமக்குத் திருத்தம் எளிதாயிற்று. மடிக்கணினியின் மின் அமைப்பில், பேட்டரியில் இயங்கும்போதும் வைஃபை அட்டை முழுத்திறனில் இருக்குமாறு ஒரு தெரிவை மாற்றினோம். உடனே தொல்லை நின்றது. பின்னர் அட்டையின் நிரலையும், நிறுவனத்தார் மூலம் ரூட்டரின் நிரலையும் புதுப்பித்தோம். அதன்பின் சிக்கன அமைப்பை மீண்டும் வைத்தும் ரூட்டர் விழவில்லை. ஒரு ரூபாய் செலவில்லை. மெக்கானிக்குக் கொடுத்த ஐந்நூறு போனது போனதுதான்.

கம்பியில்லாச் செய்திக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு பழையது. 1895-இல் இந்நகரின் டவுன் ஹாலில் ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவர்களினூடே செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அக்காலத்தில் அலையை உணரப் பயன்பட்ட கருவியில் உலோகத் துகள்கள் இருக்கும். அலை பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த செய்தியை உணர வேண்டுமானால் சிறு சுத்தியலால் தட்டி அவற்றைப் பிரிக்க வேண்டும். தட்டாவிட்டால் கருவி செவிடு. 1899-இல் போஸ் அவர்கள், தட்ட வேண்டாமல் தானே மீளும் உணர்கருவி பற்றி இலண்டன் இராயல் சொசைட்டிக்கு ஆய்வுரை அளித்தார். படிக்கட்டில் ஏறி ஏறி ரூட்டர் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்த நாம், அக்கண்டுபிடிப்பின் அருமையை அப்போதுதான் உணர்ந்தோம். அவர் ஆய்ந்த அலையின் நீளம் சில மில்லிமீட்டரே. நம் வீட்டு ரூட்டரின் அலை சுமார் 12 சென்டிமீட்டர். அதை உரிமமின்றி எவரும் வீட்டில் பயன்படுத்தலாம் என்று மைய அரசு விதிவிலக்கு அளித்தது 2005-இல். அரசாணைகளோடு வாழும் நமக்கு இத்தகைய தேதிகள் மனத்தில் நின்றுவிடுகின்றன. தாழ்வாரத்தில் பிளக் இருக்கிறதா என்பது மட்டும் நிற்கவில்லை.

மாசிமாவிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் மருமகனை மேலே அழைத்துத் தன் மகனுடன் திரையில் பேச வைத்தார். பிற்பகல் வேளைகளில் தன் கூடத்தில் வந்து படிக்குமாறும் சொன்னார். அங்கே பிளக் பாயிண்ட் நான்கு உண்டு.

மருமகனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல நமக்கு இரண்டு நாள் பிடித்தது. வயதில் மூத்தவர் இளையவரிடம் தவறு ஒப்புக்கொள்வது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. தாழ்வாரத்தில் பாயருகே அமர்ந்து, "உன்னைத் தவறாக நினைத்துவிட்டோம்" என்றோம். அவன், "எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது மாமா" என்றான். அச்சொல் இன்றும் நம்மைவிட்டுப் போகவில்லை. பலரும் சேர்ந்து ஒருவன்மேல் ஐயம் கொண்டால், அவன் தன்னையே ஐயுறத் தொடங்கிவிடுகிறான்.

இருபதாண்டுகளுக்கு முன் நாமும் இந்நகருக்குப் புதியவராக வந்தோம். மொழி தெரியாது, மீன் மணம் பழக்கமில்லை, தண்ணீர் பிடிக்கும் முறை தெரியாது. வீட்டில் குழாய் அடைத்தாலும் விளக்கு அணைந்தாலும் பிறர் கண்கள் முதலில் கீழ்த்தளத்து மதராஸிகள் பக்கம்தான் திரும்பின. அதன் வலியை நாம் அறிவோம். அறிந்திருந்தும், நம் வாசலில் புதியவன் ஒருவன் வந்தபோது நம் கண்களும் அவன் பக்கமே திரும்பின. பழகிய வீட்டிலும் பழுது இருக்கக்கூடும், வந்தவனும் வீடும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே அது வெளிப்படக்கூடும் என்பதை நினைக்கத் தவறினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமக்கையை நாமே அழைத்தோம். அந்த இரண்டு நொடித் தாமதத்திற்கும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தோம். ரூட்டர், அட்டை, நிரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒன்றே கேட்டாள்: "மார்கழிக் குளிரில் தாழ்வாரத்திலா தம்பி படுக்க வைத்தாய்?"

நம்மிடம் விடையில்லை. மறுநாள் மின்பணியாளரை அழைத்துத் தாழ்வாரத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தோம். மகளின் அறையைத் தடுப்புக் கட்டிப் பங்கிட்டு, கட்டில் ஒன்றும் போட்டோம். பிப்பிரவரி 3-இல் கல்லூரிகள் திறந்தன. மெஸ்ஸும் திறந்தது. அவன் போக ஆயத்தமானபோது இல்லத்தரசி தடுத்துவிட்டாள். 2023-இல் பட்டம் முடியும்வரை எம்முடனேயே இருந்தான்.

சங்கத்துக் குடும்பங்களுக்கு நாம் பணிவுடன் சொல்வது இவ்வளவே. ஊரிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் நம் வீடு தேடி வந்த வண்ணம் இருக்கிறார்கள். அவர்கள் வந்த பின் ஏதேனும் பழுதானால், கோடிட்ட தாள் ஒன்றை எடுத்து நாளும் மணியும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் முன்னால், அப்பிள்ளைக்கு நாம் எந்த மூலையைக் கொடுத்திருக்கிறோம் என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.